தாத்தாவைப் பற்றி நீ எழுதியதில் ஒரு திருத்தம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அங்கே மாப்பிள்ளை சுகமா, பேரனுக்குச் சளி விட்டதா என்று எழுது.

பொங்கல் விழாவில் பேசுவதற்காக நீ தாத்தாவைப் பற்றி எழுதி அனுப்பியதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மெல்போர்னில் பிறந்து வளர்கிற பிள்ளைகள் முன்னால் பம்பாய் சீத்தா கேம்ப் சோடாக்காரரைப் பற்றிப் பேசவேண்டும் என்று உனக்குத் தோன்றியதே எனக்குப் பெரிய சந்தோஷம். நன்றாகவும் எழுதியிருக்கிறாய். ஆனால் ஓர் இடத்தில் மனசு தட்டிவிட்டது. "வறுமை துரத்த, பிழைக்க வழியில்லாமல் பம்பாய்க்கு ஓடிவந்த ஒரு ஏழை" என்று தொடங்குகிறாய். கேட்பவர்கள் உருகிப்போவார்கள். ஆனால் எம்மா, அது உன் தாத்தா இல்லை. போனில் சொன்னால் "சரிம்மா, மாத்திடறேன்" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

உடன்குடிப் பக்கம் தேரிக்காட்டை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். சிவப்பு மணலும் பனையுமாகக் கிடக்கும். அங்கே தாத்தாவின் அப்பாவுக்குச் சொந்தமாக ஒரு பனைவிளை இருந்தது. பெரிய சொத்து என்று சொல்லமுடியாது. ஆனால் பங்குனி பிறந்தால் பதநீர் இறங்கும், விடிலிக் குடிசையில் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி, அதை உடன்குடிக் கடைத்தெருவில் போட்டால் காசு. மழைக்காலத்தில் கொஞ்சம் இழுபறி, அவ்வளவுதான். வீட்டில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. மூத்தவர்கள் இருவரும் பனையேறினார்கள். கடைக்குட்டியான தாத்தாவுக்கு மட்டும் அந்த ஊர் போதவில்லை. மரத்தின் உச்சிக்குப் போனதும் பாளையைச் சீவாமல் கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பாராம். அவருடைய அண்ணன், என் பெரியப்பா, இதை எங்களிடம் குறையாகத்தான் சொன்னார்.

1948ல், 14 வயதில், உறவுக்காரர் ஒருவரோடு கொழும்புக்குப் போனார். அப்போது ராமேசுவரம் பக்கம் தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல். 1964 புயலில் அந்தத் தனுஷ்கோடியே இல்லாமல் போயிற்று. கொழும்பில் புறக்கோட்டையில் ஒரு பலசரக்குக் கடையில் பொட்டலம் மடிக்கும் வேலை. கடைக்கு எதிரே சோடா போடுகிற இடம் ஒன்று இருந்தது. ராத்திரி கடை சாத்தியதும் இவர் அங்கே போய் நின்றுவிடுவார். சம்பளம் கேட்காமல் கைப்பிடி சுற்றித் தருகிறேன் என்று சொன்ன பையனை யார் வேண்டாம் என்பார்கள்? தொழில் அங்கேதான் படிந்தது.

துரத்தப்பட்டார் என்று நீ எழுதலாம் என்றால் அது இந்த ஓர் இடத்தில்தான். சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கையில் இந்தியாக்காரர்கள் தங்குவதற்குத் தற்காலிக அனுமதி வாங்கவேண்டும் என்று சட்டம் வந்தது. அதைப் புதுப்பித்துத் தருவதும் வரவர அரிதாயிற்று. 1953ல் ரேஷன் கூப்பன் அரிசி விலை 25 சதத்திலிருந்து 70 சதத்துக்கு ஏறி, ஆகஸ்டில் நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. தாத்தா அதைக் கண்ணால் பார்த்தவர். அதற்குப் பிறகு அனுமதி கிடைக்காமல் ஊர் திரும்பினார்.

ஊரில் அவருக்காகக் கருப்பட்டிக் கடையே பேசி வைத்திருந்தார்கள். உடன்குடி கருப்பட்டி என்றால் அப்போதே பேர். இப்போது புவிசார் குறியீடுகூடக் கிடைத்திருக்கிறது. பேசாமல் உட்கார்ந்திருந்தால் அவருக்குச் சோறும் கிடைத்திருக்கும், மரியாதையும் கிடைத்திருக்கும். அந்தக் கடையை விட்டுவிட்டுத்தான் 1955ல் பம்பாய்க்கு ரயில் ஏறினார். நீ 1950 என்று போட்டிருக்கிறாய், அதையும் மாற்று. திருநெல்வேலியிலிருந்து எழும்பூர் வரை மீட்டர்கேஜ் வண்டி, அப்புறம் சென்ட்ரலில் பம்பாய் வண்டி. குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர், பூனா என்று ஒவ்வொரு ஸ்டேஷன் பேரையும் கடைசிவரை வரிசை மாறாமல் சொல்வார். அவர் அம்மாவிடம் மட்டும் மெட்ராஸ் வரை போய்வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

தாராவியில் நம் பக்கத்து ஊர்க்காரர்கள் சேர்ந்து பிடித்திருந்த ரூமில் ஒரு பாய் விரிக்கும் இடம் கிடைத்தது. பகலில் சிலர் தூங்குவார்கள், ராத்திரியில் சிலர். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. நல்ல கூலிதான். தாராவியில் தோல் ஷாப்பிலும் வேலை கூப்பிட்டார்கள். ஆனால் வாரக்கடைசியில் கூலிக்கு வரிசையில் நிற்பது அவருக்கு ஒத்துவரவில்லை. "கையை நீட்டி வாங்குற காசு கையிலயே நிக்காது" என்பார். அவர் பேச்சில் கோபம் இருக்காது, அவருக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அப்போது ட்ராம்பேயில் அணுசக்தி நிலையம் கட்டிக்கொண்டிருந்தார்கள். 1956 ஆகஸ்டில் அங்கேதான் அப்சரா அணு உலை ஓடத் தொடங்கியது, ஆசியாவிலேயே முதல் உலை. கட்டட வேலைக்கு ஆட்கள் கூட்டம்கூட்டமாக மான்கூர்டு பக்கம் போய் வந்தார்கள். அந்தப் பக்கம் ஜனதா காலனியில் தெரிந்தவர் ஒருவரைப் பார்க்கப் போன தாத்தாவுக்கு இரண்டு விஷயம் கண்ணில் பட்டது. ஆட்கள் வெயிலில் நடக்கிறார்கள். வழியில் ஒரு சோடாக் கடைகூட இல்லை. சேர்த்த காசையும், ஊரிலிருந்து வந்த ஆச்சியின் வளையலையும் போட்டு, பழைய கை மெஷின் ஒன்றும் சோர் பஜாரில் பொறுக்கிய பாட்டில்களுமாக அங்கேயே தொழிலைத் தொடங்கிவிட்டார். கல்யாணம் ஆகிச் சில மாதம்தான் ஆகியிருந்தது.

கோலி சோடாவை நீ குடித்திருக்கிறாய், போடுவதைப் பார்த்ததில்லை. உன் பேச்சில் அதற்கு இடம் கொடு, அந்தப் பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். அந்தப் பாட்டிலை 1870களில் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்தார். கோலிக்குண்டு கழுத்துக்குள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். வெளியே வராது, கீழேயும் போகாது. தண்ணீர் ஊற்றிய பாட்டில்களை மெஷின் கூண்டில் படுக்கவைத்துத் திருகி இறுக்கவேண்டும். பிறகு சிலிண்டரின் வால்வைத் திறந்துகொண்டே கைப்பிடியைச் சுற்றவேண்டும். கூண்டு புரளப்புரளத் தண்ணீரில் காஸ் ஏறும். பாட்டில் தலைகீழாக வரும்போது கோலி கழுத்துக்கு உருண்டு வந்து ரப்பர் வாஷரில் உட்காரும். உள்ளே இருக்கிற அழுத்தமே அதை அங்கே பிடித்துவைத்துக்கொள்ளும். மூடி இல்லை, பசை இல்லை. டக் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தைக் கேட்டே, கோலி சரியாக உட்கார்ந்ததா, வாஷர் தளர்ந்திருக்கிறதா என்று தாத்தா சொல்லிவிடுவார். நாங்கள் எத்தனையோ முறை காதைத் தீட்டிப் பார்த்தோம், எங்களுக்கு எல்லாம் ஒரே சத்தம்தான்.

தண்ணீர் குளிர்ந்திருந்தால்தான் காஸ் நிற்கும். அதனால் வேலை விடியுமுன் நடக்கும். மீன் ஏலத்துக்கு வருகிற ஐஸில் ஒரு பாளம் வாங்கி, உமி போட்டுச் சாக்கில் சுற்றி வைத்திருப்பார். உன் பெரிய மாமா பாட்டில் கழுவுவான். நான் வாஷர் பார்ப்பேன், கீறல் விழுந்த பாட்டிலைத் தனியே எடுத்துவைப்பேன். கீறல் விழுந்தது கூண்டுக்குள் போனால் வெடிக்கும். தாத்தாவின் இடது முன்கையில் நீளமாக ஒரு தழும்பு இருந்ததே, அது கூண்டுக்கு வலைத்தகடு போடாத காலத்தில் வெடித்த பாட்டில் கிழித்தது. சாயங்காலம் கையைக் கட்டிக்கொண்டு வந்து, மறுநாள் தகரக் கடையில் வலை அடிக்கச் சொல்லிவிட்டு, மறுபடி சுற்றத் தொடங்கிவிட்டார்.

சோடாக்காரனுக்குச் சொத்தே பாட்டில்தான். உள்ளே இருப்பதைவிடப் பாட்டில் விலை கூட. அது மதுவிலக்கு இருந்த காலம். கள்ளச்சாராயம் விற்கிற அட்டாக்களில் சோடாவுக்கு நல்ல கிராக்கி, கேட்ட விலை கொடுப்பார்கள். தாத்தா ஒரு பாட்டில்கூட அங்கே போடவில்லை. போலீஸ் தொல்லை ஒரு காரணம். "அங்க போற பாட்டில் முழுசா திரும்பி வராது" என்பது அவர் வெளியே சொன்ன காரணம். அந்த வாசலில் என் அண்ணனைக் கூடையோடு நிறுத்த அவருக்கு மனசு வரவில்லை என்பது ஆச்சி எனக்குப் பின்னாளில் சொன்னது.

பன்னீர், எலுமிச்சை, இஞ்சி என்று கலர் வகைகள் எல்லாரும் போடுவதுதான். தாத்தா தனியாக ஒன்று கண்டுபிடித்தார். ஊரிலிருந்து ரயில் பார்சலில் கருப்பட்டி வரவழைத்து, சுக்குத் தட்டிப்போட்டுப் பாகு காய்ச்சி, வடிகட்டி, சோடாவில் சேர்த்தார். நம் ஆட்கள் கருப்பட்டிக் கலர் என்றார்கள். பக்கத்து மராத்திக்காரர்கள் காலா சோடா என்றார்கள். முதல் கோடையில் போடப்போட விற்றுத் தீர்ந்தது. அதே சந்தோஷத்தில் நிறையப் போட்டு அடுக்கிவைத்துவிட்டார். கருப்பட்டிப் பாகு இரண்டு நாள் நின்றால் புளிக்கும், புளித்தால் உள்ளே அழுத்தம் கூடும். ஒரு ராத்திரி அடுக்கு முழுக்க ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தது. காலனியே எழுந்து வந்துவிட்டது. விடிந்ததும் கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே கணக்குப் போட்டார்: காலையில் போட்டதைச் சாயங்காலத்துக்குள் விற்கவேண்டும், அதற்கு ஒரு சைக்கிள் வேண்டும். சைக்கிள் வாங்கினார். அது சும்மா நிற்கிற நேரத்தில் வாடகைக்கு விட்டார். வாடகை நன்றாக வந்ததும் இன்னும் சைக்கிள் வாங்கினார். நஷ்டத்திலிருந்து ஒரு தொழில் முளைத்ததை அந்த வயதிலேயே நான் பார்த்தேன்.

பனங்கிழங்கு வியாபாரம், வாழையிலை வியாபாரம், ட்ராம்பேயில் மீன்பிடிக்கிற கோலி சாதிக்காரர் ஒருவரோடு படகில் பங்கு, இதெல்லாம் வந்தன, போயின. படகில் போட்டது திரும்பவில்லை. ஆனால் அந்த மீனவர் சாகும்வரை ஞாயிற்றுக்கிழமை நமக்கு மீன் அனுப்பினார்.

இனி 1976. இதை நீ விரிவாக எழுதியிருக்கிறாய், ஆனால் கண்ணீராக மட்டும் எழுதியிருக்கிறாய். ஜனதா காலனி நிலம் வேறு காரியத்துக்கு வேண்டும் என்று பல வருஷமாகவே பேச்சு இருந்தது. ஜோக்கின் அற்புதம் என்று ஒருவர், கோலார் தங்கவயலிலிருந்து பிழைக்கவந்து எங்கள் காலனியில் இருந்த தமிழர், ஜனங்களைத் திரட்டி நின்றார். வந்த புதிதில் குப்பை அள்ள ஆள் வராதபோது, பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைக் கொடுத்து மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டவைத்தவர். உன் பெரிய மாமாவும் அந்த ஊர்வலத்தில் போனவன்தான். அற்புதம் வழக்கு போட்டார், டெல்லி வரை போனார். பின்னால் 2000ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோது தாத்தா தெருவில் எல்லாருக்கும் சோடா கொடுத்தார். ஆனாலும் அவசரநிலைக் காலத்தில், 1976 மே மாதம், காலனியை இடித்தார்கள். ஏறக்குறைய 70,000 பேர். லாரிகளில் ஏற்றிச் சீத்தா கேம்ப்பில் கொண்டுபோய் விட்டார்கள்.

எனக்கு அப்போது 14 வயது. ஒவ்வொருவரும் கட்டிலையும் பாத்திரத்தையும் தகரத்தையும் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தாத்தா உட்கார்ந்து நிதானமாக மெஷினின் நட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தார். கழற்றிய நட்டுகளை வரிசைப்படி ஒரு கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டார். ஆச்சிக்கு வந்த கோபத்தை நான் மறக்கமாட்டேன். "வீடு போகுது, நீரு இரும்பக் கழத்திக்கிட்டு இருக்கீரு!" "ஏளா, வீட்டை நாலு கம்பு நட்டாக் கட்டிரலாம். இத எவன் தருவான்?" என்றார் தாத்தா. போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், கூண்டை லாரியில் தூக்கிவைக்க ஒரு கை கொடுத்தார்.

சீத்தா கேம்ப் அப்போது வெறும் சேறு. கடல்நீர் ஏறுகிற சதுப்பு நிலத்தில் ஆளுக்கொரு பிட்ச், அதாவது குடிசை போட ஒரு துண்டு இடம், அளந்துகொடுத்தார்கள். இடிசல் கொட்டி மேடாக்கி, அதன்மேல் மூங்கிலும் சாக்கும் கட்டி, அடுத்த மாதம் மழை பிடிக்குமுன் எல்லாரும் உட்கார வேண்டும். குடிக்கத் தண்ணீருக்கே வரிசை. தாத்தா ட்ராம்பே கிராமத்திலிருந்து கைவண்டியில் தண்ணீர் கொண்டுவந்து, கூரை போடுவதற்கு முன்பே மெஷினை ஊன்றிவிட்டார். கயிற்றில் ஒரு நட்டுகூடக் குறையவில்லை. சேற்றில் மண் சுமந்துகொண்டிருந்தவர்களுக்கு முதல் நாள் போட்டதைக் காசு வாங்காமல் கொடுத்தார். இரண்டாம் நாளிலிருந்து வாங்கினார். "முதல் நாள் அவங்களுக்கு, ரெண்டாம் நாள் என் பிள்ளைகளுக்கு" என்று பேசிக்கொண்டே கொடுத்தார்.

அதற்கடுத்த வருஷம் கோகோ கோலா கம்பெனி இந்தியாவை விட்டுப் போனது. பேப்பரில் படித்த அன்றே தாத்தாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அவ்வளவு பெரிய கம்பெனி போயிட்டான், நான் இருக்கேன் பாத்தியா" என்றார். மனதார அப்படி நம்பினார். அந்த நம்பிக்கையில் கடன் வாங்கி நாலு பாட்டில் மெஷின் ஒன்று புதிதாக எடுத்தார். கடன் அடைந்தது, தொழிலும் ஏறியது. நான் சொல்ல வந்தது இதுதான்: கையில் காசு புரண்டுகொண்டிருந்த அந்த நேரத்தில்தான் அவர் துபாய்க்குப் போனார்.

உன் பேச்சில் இது இல்லவே இல்லை. 1979ல், 45 வயதில், பல்லார்ட் பியரிலிருந்து த்வாரகா என்ற கப்பலில் டெக் பயணியாக ஏறினார். பம்பாய்க்கும் வளைகுடாவுக்கும் பழங்காலத்திலிருந்து ஓடிய கப்பல் வரிசையில் மிச்சமிருந்த கடைசி, 1982ல் அதுவும் நின்றுபோனது. கராச்சி, மஸ்கட், துபாய் என்று துறைமுகம் துறைமுகமாக நின்று போகும். டெக்கில் பாய் விரித்துப் படுத்து, வழியில் பார்த்ததையெல்லாம் வந்து கதை கதையாகச் சொன்னார். எதற்குப் போனார் தெரியுமா? பாலைவனத்தில் கோலி சோடா விற்குமா என்று பார்க்க. விற்காது என்று ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது. அங்கே எல்லாம் டின், எல்லாம் குளிர்பெட்டி. சரி, வந்தது வந்தாயிற்று என்று ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். காசு சேர்த்து, கடலையும் பார்த்துவிட்டு, திரும்பி வந்து, கோயம்புத்தூரிலிருந்து பெரிய வெட் கிரைண்டர் ஒன்று இறக்கினார். கிலோவுக்கு இவ்வளவு என்று கேம்ப் முழுக்க மாவு அரைத்துக் கொடுத்தோம். நான் டீச்சர் டிரெயினிங் படித்தது அந்த மாவுக் காசில்தான். யாராவது அவரைத் துபாய்க்குத் துரத்தினார்களா, சொல்?

இவ்வளவையும் சொல்லிவிட்டு ஆச்சியைச் சொல்லாமல் விட்டால் அது நியாயம் இல்லை. உன் பேச்சில் ஆச்சிக்கு ஒரே ஒரு வரி, "உறுதுணையாக இருந்த மனைவி" என்று. தாத்தா ஆசைப்பட்ட ஒவ்வொன்றுக்கும் அடகுக் கடைக்குப் போனது ஆச்சியின் நகை. வளையல் போய்வந்து போய்வந்து, கடைசியில் படகோடு போனது வரவே இல்லை. அவர் கப்பலில் இருந்தபோது ஆச்சி இரண்டு மெஷினையும் ஓட்டினாள். அதுவரை கைப்பிடியைத் தொட்டுப் பார்க்காதவள். மராத்தி பேசக் கற்றுக்கொண்டு ஐஸ்காரரிடம் விலை பேசினாள். காஸ் சிலிண்டர் கடன் தரமாட்டேன் என்ற சேட்டிடம் போய் நின்று வாங்கிவந்தாள். தெருப் பெண்களைச் சேர்த்துப் பிசி பிடித்தாள். ஊரில் சீட்டு என்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம். நாங்கள் பள்ளிக்கூடம் ஒரு நாள் தவறவில்லை. "இந்த மனுசன் ஒரு இடத்துல இருக்கமாட்டாரு" என்று ஆச்சி அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஊருக்கே திரும்பிப் போய்விடலாம் என்று அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷன் வரை போனதும் உண்டு. தாத்தாவின் தைரியத்துக்கு ஆச்சி கொடுத்த விலை பெரிசு. அவரைப் புகழும்போது இதை மறைக்கக்கூடாது. அவர் இருந்திருந்தால் அவரே இதைச் சொல்லச் சொல்வார். வயதான பிறகு தொழிலைப் பற்றி யார் கேட்டாலும், "அவகிட்ட கேளுங்க, முதலாளி அவதான்" என்று ஆச்சி பக்கம் கைகாட்டிவிடுவார்.

90க்குப் பிறகு சோடா தளர்ந்துவிட்டது. பெப்சி வந்தது, 1993ல் கோகோ கோலாவும் திரும்பி வந்தது, பிளாஸ்டிக் பாட்டில் வந்தது. தாத்தா வருத்தப்பட்ட மாதிரி தெரியவில்லை. கிரைண்டர் வீட்டை ஓட்டியது. அவர் கோலி சோடாவைப் பெருநாளுக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் போட்டுக் கொடுத்தார். உன்னை மடியில் வைத்துக்கொண்டு கோலியை உள்ளே தள்ளக் கற்றுக்கொடுத்தாரே, அது அந்தக் காலம். கட்டைவிரலால் அழுத்தினால் உனக்கு எட்டாது. உன் விரல்மேல் தன் விரலை வைத்து அழுத்துவார். நுரை சீறி உன் சட்டையெல்லாம் நனையும். அது உனக்கு நினைவிருந்தால் எழுது. இல்லையென்றால் நான் சொன்னதாக எழுது.

கடைசி வருஷம் மூச்சு இரைக்கத் தொடங்கிய பிறகு ஒருநாள் என்னிடம், சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கப்பல் டிக்கெட் எவ்வளவு என்று விசாரிக்கச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன். "அங்க தேங்கா நெறையாம். எண்ணெ ஆட்டலாமான்னு பாத்துட்டு வருவோம்" என்றார். நான் விசாரித்துச் சொன்னேன். காகிதத்தில் குறித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். 2011 மழைக்காலத்தில் ஆஸ்பத்திரியில் போய்ச் சேர்ந்தபோது 77 வயது. எனக்கு இன்றைக்கும் அவர் இல்லாதது பழகவில்லை எம்மா. கிரைண்டர் சத்தம் கேட்டால், மாவு ஆயிற்றா என்று கேட்க அவர் உள்ளேயிருந்து வருவார் என்றே இருக்கிறது.

அவர் பணக்காரர் ஆகவில்லை, அது உண்மை. கஷ்டப்பட்டதும் உண்மை. ஆனால் பரிதாபப்படும்படி அவர் வாழவில்லை. எதைச் செய்தாலும் ஆசைப்பட்டுச் செய்தார், ஆசைப்பட்டே கிளம்பினார். நீ மெல்போர்னுக்குப் போனபோது நாங்கள் யாரும் உன்னைத் துரத்தவில்லையே. கம்பெனியில் கிடைத்த வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறேன் என்று நீ நின்றபோது, உன் அப்பா யோசித்தார், எனக்கு மட்டும் அது பழைய முகமாகத் தெரிந்தது. அந்தக் குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட ஒருவரைக் காட்டு. அவர்களுக்கு அவரைப் பிடிக்கும்.

துபாய்க் கப்பலைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பெரிய மாமாதான் பல்லார்ட் பியர் வரை பெட்டி தூக்கிப் போனவன், அவனிடம் கேள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடு, மற்ற நாளில் கடையில் இருப்பான், பேசவிடமாட்டார்கள்.

இன்னொரு விஷயம், இதற்கு உன் சம்மதம் வேண்டும். 1977ல் வாங்கிய நாலு பாட்டில் மெஷின் மாமா வீட்டு மாடியில் இருக்கிறதல்லவா. ஓட்டல் நடத்துகிற ஒருவர் வாசலில் அலங்காரமாக வைக்கக் கேட்கிறார், நல்ல விலையும் சொல்கிறார். தாராவியில் நம் பக்கத்துப் பையன் ஒருவனும் கேட்கிறான். அவன் அதில் திரும்ப சோடா போடவேண்டும் என்கிறான், ஆனால் காசு தவணையில்தான் தரமுடியும். மாமாவும் நானும் பையனுக்குக் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம். வாஷர் எல்லாம் மாற்றவேண்டும், வலைத்தகடு துருப்பிடித்திருக்கிறது, அதை நாங்களே புதிதாக அடித்துக் கொடுத்துவிடுவோம். நீயும் சரி என்றால் இந்த மாதமே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவேன். சீக்கிரம் பதில் எழுது.

அன்புடன்,
அம்மா